சாயமும் வாசமும்

1762ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் தேயிலையை இரண்டு இனங்களாகப் பிரித்து எழுதினார். பச்சைத் தேயிலை தரும் செடி ஒன்று, கறுப்புத் தேயிலை தரும் செடி இன்னொன்று. அவர் சீனாவுக்குப் போனதில்லை. போயிருந்தாலும் பயனில்லை, அயல்நாட்டு வணிகர்களைக் கான்டன் துறைமுகத்தைத் தாண்டி உள்ளே விட்டதில்லை சீன அரசு. பெட்டிகளில் வந்து இறங்கிய இரண்டு விதச் சரக்கைப் பார்த்து, இரண்டு விதச் செடி இருக்கவேண்டும் என்று ஐரோப்பா முடிவுகட்டிவிட்டது. ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1840களில் சீனாவின் உட்பகுதிகளுக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வந்து எழுதும்வரை இந்த நம்பிக்கை பெரிதாக ஆட்டம் காணவில்லை. அவர் கண்டது எளிய விஷயம். செடி ஒன்றுதான். பறித்த பிறகு மனிதக் கை என்ன செய்கிறது என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

வீட்டில் நான்கைந்து விதத் தேயிலையை வாங்கி வைத்து ருசி பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு இந்த உண்மை ஆச்சரியம் தீராத ஒன்று. கொழுந்தைப் பறித்தவுடன் சூடு காட்டிவிட்டால் இலை பச்சையாகவே நின்றுவிடும். அது பச்சைத் தேயிலை. வாட விட்டு, உருட்டிக் கசக்கி, காற்றுப்பட வைத்தால், நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதுபோல இலையும் கறுக்கும். அது நாம் அறிந்த கறுப்புத் தேயிலை. பாதி வழியில் நிறுத்தினால் ஊலாங். வெறுமனே வாட்டி உலர்த்தினால் வெள்ளைத் தேயிலை. இவற்றை எல்லாம் பிரித்துப் பார்க்கப் பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. உள்பக்கம் வெள்ளையாக இருக்கும் கிண்ணம் நாலு, ஒரு சின்ன எடைக்கருவி, கடிகாரம். தொழில்முறைச் சுவைஞர்களுக்கென்று ஒரு சர்வதேச அளவு உண்டு: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம். குறைகளைக் கண்டுபிடிப்பதற்கான அளவு அது. குடித்து மகிழ்வதற்கு மூன்று நிமிடமே போதும். கறுப்புக்குக் கொதிநீர், பச்சைக்குக் கொதி அடங்கிய நீர். பாலும் சீனியும் கொஞ்ச நேரம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

இப்படி இலையை நீரில் ஊறவைத்துக் குடிப்பது ஆதிகால முறை என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. எட்டாம் நூற்றாண்டில் சீனத்தில் லூ யூ தேயிலைக்கென்றே ஒரு நூல் எழுதினார். அவர் காலத்தில் தேயிலை கட்டியாக இருந்தது. அதைச் சுட்டு, பொடித்து, கொதிநீரில் உப்புச் சேர்த்துக் காய்ச்சினார்கள். வெங்காயம், இஞ்சி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டுக் கொதிக்க வைப்பவர்கள்மேல் லூ யூவுக்குக் கடும் கோபம். அது சாக்கடைத் தண்ணீருக்குச் சமம் என்கிறார். நம் ஊர் மசாலா டீயை அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொள்ளலாம். பிறகு சோங் அரசர்களின் காலத்தில் மாவுபோல அரைத்து, மூங்கில் கடைகோலால் நுரைக்கக் கடைந்து குடித்தார்கள். 1391இல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஹோங்வூ, அரண்மனைக்குக் காணிக்கையாக வரும் தேயிலையைக் கட்டியாக அனுப்பக் கூடாது, உதிரி இலையாகவே அனுப்பவேண்டும் என்று ஆணையிட்டார். கட்டி செய்வதற்கு ஆகும் உழைப்பு மக்களுக்குச் சுமை என்பது காரணம். ஒரு வரிச்சலுகையிலிருந்து உலகத்தின் பழக்கமே திரும்பியது. நாம் இன்று தேநீர் போடும் முறை அதற்குப் பிறகு பரவியதுதான். கடைந்து குடிக்கும் பழைய முறையைச் சீனம் மறந்துவிட்டது, ஜப்பான் வைத்துக்கொண்டது.

சொல்லும் இரண்டு வழியில் பயணம் போனது. சீனத்தின் பெரும்பகுதியில் அது ‘சா’. தரைவழியாகவும் போர்த்துக்கீசியர் மூலமாகவும் போன இடமெல்லாம் சாய், சாயா. ஃபூஜியன் கடற்கரையின் பேச்சில் அது ‘தே’. டச்சுக் கப்பல்களில் ஏறி அது ஐரோப்பாவின் ‘டீ’ ஆயிற்று. மலையாளிக்குச் சாயா வாய்த்தது. நமக்குத் தே வாய்த்தது, அதோடு இலையைச் சேர்த்துத் தேயிலை என்றோம். இலங்கையில் அது தேத்தண்ணி. பால் விடாமல் குடித்தால் மலையகத்தில் சாயத்தண்ணி.

இந்தச் சாயத்தண்ணி என்ற சொல்லைத்தான் நான் சின்ன வயதில் முதலில் கேட்டேன். சொன்னது என் அப்பாயி. அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பத்து வயதுக்குமேல் கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டியவள்.

அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த மலைகளின் கதை எழுதப்பட்டுவிட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டே வருடத்தில், 1869இல், இலங்கையின் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது வருடத்தில் காப்பி அழிந்தது, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. காப்பிக்கு வேலையாள் பருவத்துக்கு மட்டும் வந்தால் போதும். தேயிலைக்கு அப்படி முடியாது. கொழுந்து வருடம் முழுக்கத் துளிர்க்கும், வாரத்துக்கு ஒருமுறை பறித்தாகவேண்டும். அதனால் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கத்திலிருந்து கங்காணிகள் பின்னால் போனவர்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்கிவிட்டார்கள். ஒரு செடியின் துளிர்விடும் பழக்கம் ஒரு மக்கள்கூட்டத்தை உண்டாக்கியது என்று சொன்னால் மிகையில்லை. நாடு விடுதலையானதும் 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை என்ன செய்வது என்று பிறகு பேசிக்கொள்ளலாம் என விட்டார்கள். 1974இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்பாயி இந்தியப் பங்கில் வந்தாள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகவே தமிழக அரசு 1968இல் அங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தது. அதுவே 1976இல் டான்டீ என்ற நிறுவனம் ஆனது. அவள் கைக்கு மறுபடியும் அதே கொழுந்துதான் வந்தது.

ஆனால் கிண்ணத்தில் வந்தது அதே தேநீர் இல்லை. இதை அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். “இங்கத்தித் தூள்ல சாயம் நெறய இருக்கு. வாசந்தான் இல்ல.” ஊரை விட்டு வந்த ஏக்கம் பேசுகிறது என்றுதான் வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். தேயிலையின் வரலாற்றைப் படித்த பிறகு எனக்குத் தெரிந்தது, அவள் சொன்னது சுத்தமான தொழில்நுட்ப உண்மை.

1930இல் அசாமின் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மக்கெர்ச்சர் என்பவர் ஒரு இயந்திரத்தை அமைத்தார். வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பல்லுள்ள எஃகு உருளைகள். அவற்றுக்கு இடையே போகும் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு, கடுகுபோல உருண்டையாக விழும். அந்த மூன்று செயலின் ஆங்கில முதலெழுத்துகள்தான் சி.டி.சி. இலையின் சாறு முழுவதும் வெளியே வந்துவிடுவதால் சீக்கிரம் கறுக்கும், சீக்கிரம் வடியும். ஒரு கிலோவில் பல கிண்ணம் அதிகம் கிடைக்கும். பாலும் சீனியும் எவ்வளவு ஊற்றினாலும் தாங்கும். மலைக்கு மலை வேறுபடும் மென்மையான மணம் மட்டும் அந்த உருளைகளுக்குள் பெரும்பாலும் தொலைந்துபோகும். இலையை முறுக்கி உருட்டும் பழைய முறைக்கு ஆர்தொடாக்ஸ் என்று பெயர். இலங்கை இன்றுவரை பெருமளவு அந்த முறையிலேயே நிற்கிறது. இந்தியா, குறிப்பாக விடுதலைக்குப் பிறகு, சி.டி.சி. பக்கம் சாய்ந்தது. அப்பாயிக்கு அட்டனில் மாசாமாசம் கிடைத்தது சல்லடையில் கடைசியாக நின்ற தூள்தான். ஆனால் அது மலையுச்சித் தோட்டத்து ஆர்தொடாக்ஸ் தூள். துரைமார் குடித்த இலையின் உடைசல். அவள் மூக்கு பழகியது அதற்கு.

நம் எல்லோருடைய நாக்கும் இன்னொன்றுக்குப் பழக்கப்படுத்தப்பட்டது. அதற்கும் தேதி உண்டு. 1903இல் இந்திய அரசு ஏற்றுமதித் தேயிலைக்கு ஒரு தீர்வை விதித்து, அந்தப் பணத்தை விளம்பரத்துக்கு ஒதுக்கியது. 1930களின் பொருளாதார மந்தத்தில் விலை விழுந்தது. 1933இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா மூன்றும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் போட்டன. தேங்கிய சரக்கை உள்ளூரிலேயே விற்றாகவேண்டும். ஊர் ஊராகப் போய் அடுப்பு மூட்டி, இலவசமாக டீ போட்டுக்கொடுத்து, செய்முறை சொல்லிக்கொடுத்தார்கள். ரயில் நிலையங்களில் பல மொழிகளில் பலகைகள் முளைத்தன. காந்தி டீ வேண்டாம் என்று எழுதினார். விளம்பரக்காரர்கள் 1947இல் தேயிலை நூறு சதவீதம் சுதேசி என்று சுவரொட்டி அடித்தார்கள். நம் தாத்தா பாட்டிகள் காலத்துக்கு முன்பு இந்த மண்ணில் இல்லாத ஒரு பழக்கம், ஒரே தலைமுறையில் விருந்தோம்பலின் முதல் வார்த்தை ஆனது.

தமிழ்நாட்டில் காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளம் ஆகி, டீ உழைப்பவர்களின் பானமாக நின்றதை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். டீக்கடை பத்திரிகை படிக்கும் இடமாக, அரசியல் பேசும் இடமாக இருந்தது. அதே டீக்கடையில்தான் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்தார்கள். கொழுந்து பறிக்கப் போன கூட்டத்தில் மிகப் பெரும்பகுதி அவர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அவர்கள் கை படாத இலை இல்லை. அவர்கள் வாய் பட்ட குவளை மட்டும் ஆகாது.

அதனால்தான் ‘விதவிதமாக டீ ருசிப்பது பணக்காரப் பொழுதுபோக்கு’ என்று நண்பர்கள் கேலி செய்யும்போது எனக்கு ஒப்புவதில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிண்ணத்துக்கு 2 கிராம் என்றால் 100 கிராமில் 50 கிண்ணம். நல்ல முழு இலையை இரண்டாம் முறையும் ஊறவைக்கலாம், ஊலாங்கை நாலைந்து முறை. நான் வாங்கும் நீலகிரி ஆர்தொடாக்ஸ் ஒரு கிண்ணத்துக்குக் கடை டீயைவிட அதிகம் ஆவதில்லை. பிரச்சினை விலை இல்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்பதே நமக்குச் சொல்லப்படாததுதான். எண்பது கிலோமீட்டர் தள்ளி மலையில் விளைவதை, அது கப்பல் ஏறும் சரக்கு என்று நாம் கேட்பதே இல்லை.

அப்பாயிக்குக் கடைசிக் காலத்தில் ஒருமுறை குன்னூரிலிருந்து பனிக்காலத் தேயிலை வாங்கிப்போனேன். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் செடி மெதுவாக வளரும். அப்போது பறித்த கொழுந்துக்கு ஒரு பூ வாசம் இருக்கும். அவளே போடுகிறேன் என்றாள். சட்டியில் கொதிக்க வைக்கவில்லை. “கொதிக்க வச்சா செத்துப்போகும்” என்று கொதிநீரை மேலே ஊற்றி மூடினாள். ஒரு கையில் கருப்பட்டித் துண்டு, மறு கையில் தம்ளர். முதல் மடக்குக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“ஸ்டோர் வாசம்டா தம்பி” என்றாள். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. “கொழுந்து நிறுக்கப் போறப்ப மேல் மாடியில காய வச்சிருப்பானுக. அங்க நிப்போம். அந்த வாசம். அப்ப மூக்கோட சரி. இப்பத்தான் வாய்க்கு வருது.”

அவள் ஐம்பது வருடம் கொழுந்து பறித்தவள்.

நான் தூள் டீயை விட்டுவிடவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு இஞ்சி தட்டிப்போட்ட பால் டீ இல்லாமல் எனக்குப் பொழுது போகாது. லூ யூ மன்னிக்கட்டும். அது சி.டி.சி.யில்தான் சரியாக வரும், ஆர்தொடாக்ஸில் போட்டால் பால்தான் ருசிக்கும். இரண்டும் வேறு வேறு பானம் என்று புரிந்துகொண்டால் சண்டையே இல்லை. சாயம் வேண்டிய நேரம் உண்டு, வாசம் வேண்டிய நேரம் உண்டு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்தமுறை கடையில் பொட்டலத்தை எடுக்கும்போது, பின்பக்கத்தில் இருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். ஓ.பி. என்றால் முறுக்கிய நீள இலை. பி.ஓ.பி. என்றால் அதன் உடைசல். டஸ்ட் என்றால் சல்லடையின் கடைசித் தட்டு. சி.டி.சி. என்றால் 1930இன் உருளைகள். தோட்டத்தின் பெயர் இருந்தால் எந்த மலை என்று பாருங்கள். அதில் ஒரு 50 கிராம், இதில் ஒரு 50 கிராம் வாங்கி, பால் ஊற்றாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப்பாருங்கள். எந்த இலை எந்த வீட்டுக்குப் போனது, எது யாருக்கு மிஞ்சியது என்பது நாக்குக்கே தெரிந்துவிடும்.