ஜோகூரில் விலங்குக்கு உரிமம் தருவது யார்?

1928இல் ஜோகூர் பாருவில் சுல்தான் இப்ராஹிம் ஒரு விலங்குத் தோட்டம் அமைத்தார். அரச குடும்பத்துக்கு மட்டுமே உரிய தோட்டம் அது. 34 ஆண்டுகள் கழித்து, 1962இல்தான் அது மாநில அரசின் கைக்கு வந்து பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று ஜோகூர் விலங்ககம் என்று எல்லோரும் அறிந்த இடம் அதுதான். மலேசியாவின் பழைய விலங்ககங்களில் ஒன்று.

சுல்தான் இப்ராஹிம் பேர்பெற்ற புலி வேட்டைக்காரர். காட்டில் சுடுவதும் கூண்டில் வளர்ப்பதும் அந்தக் காலத்தில் ஒரே ஆர்வத்தின் இரு பக்கங்களாக இருந்தன. அவருடைய நட்பைப் பெற்றவர்களில் ஒருவர் அமெரிக்கரான ஃபிராங்க் பக். சிங்கப்பூரைத் தளமாக வைத்துக்கொண்டு மலாயாக் காடுகளில் விலங்குகளை உயிரோடு பிடித்து, கப்பலேற்றி, அமெரிக்க விலங்ககங்களுக்கும் சர்க்கஸ்களுக்கும் விற்றவர் அவர். 1930இல் வெளிவந்த அவருடைய நூல் அமெரிக்காவில் பரபரப்பாக விற்றது. இரண்டே ஆண்டில் படமாகவும் வந்தது. 1923இல் ஜோகூர் நீரிணையின் குறுக்கே பாலம் திறந்த பிறகு, காட்டுக்கும் துறைமுகத்துக்கும் இடையே கடல் ஒரு தடையாக இல்லை. அயல்நாட்டு விலங்கு வணிகத்துக்கு ஜோகூர் வாசற்படியாக இருந்த காலம் அது.

இந்த வணிகத்தைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்றால், மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட வேட்டைச் சட்டங்கள் இருந்தன. ஜோகூர் கூட்டு மலாய் மாநிலங்களில் சேராத தனி மாநிலம். 1914இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்ற பிறகும் தன் நிர்வாகத்தைத் தானே வைத்திருந்தது. இந்தச் சிதறலை நேரில் கண்டு எழுதியவர் தியோடர் ஹப்பேக். அவர் வேட்டைக்காரராக இருந்து வனவிலங்குக் காவலராக மாறியவர். அவர் தலைமையிலான மலாயா வனவிலங்கு ஆணையத்தின் அறிக்கை 1932இல் மூன்று தொகுதிகளாக வந்தது. ரப்பர் தோட்டங்கள் காட்டை விழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், விலங்குகளுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அரசிடம் வாதாடிய ஆவணம் அது.

தீபகற்ப மலேசியா முழுதுக்கும் ஒரே சட்டம் வர 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மாநிலங்களின் வேட்டைத் துறைகளை ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. அதிலிருந்து வளர்ந்ததே இன்று மக்கள் பெர்ஹிலித்தான் என்றழைக்கும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. இந்தியாவும் தன் வனவிலங்குச் சட்டத்தை அதே 1972இல்தான் இயற்றியது.

ஆனாலும் ஜோகூர் தன் தனிவழியை விடவில்லை. 1977இல், ஜோகூருக்கும் பக்கத்து மாநிலமான பகாங்குக்கும் இடையே பரவிய எண்டாவ்-ரொம்பின் காட்டில் பகாங் பக்கம் மரம் வெட்ட அனுமதி தரப்பட்டு நாடு முழுதும் எதிர்ப்பு கிளம்பியது. 1985, 1986இல் மலேசிய இயற்கைச் சங்கம் அங்கே பெரிய ஆய்வுப் பயணம் நடத்தியது. அதன் பிறகு, 1989இல் ஜோகூர் தனக்கென்று ஒரு தேசியப் பூங்காக் கழகத்தைச் சட்டமியற்றி நிறுவியது. வனவிலங்குப் பாதுகாப்பு அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் இருப்பதால் அப்படிச் சட்டமியற்ற மாநிலத்துக்கு இடம் இருந்தது. ஜோகூர் அதை நல்லவிதமாகவே பயன்படுத்திக்கொண்டது.

நகரத்துக்குள் நிலைமை வேறு. 1977இல் ஜோகூர் பாரு நகராண்மைக் கழகமானது; 1994 ஜனவரி 1இல் மாநகரானது. நாய்க்கு உரிமம் தருவது உள்ளூர் மன்றம். கடைக்கு வணிக உரிமம் தருவதும் 1976 உள்ளாட்சிச் சட்டப்படி அதே மன்றம்தான். அந்தக் கடைக்குள் மலைப்பாம்போ சோலைபாடிப் பறவையோ இருந்தால் அதற்கு பெர்ஹிலித்தானின் உரிமம் தனியே வேண்டும். முழுப் பாதுகாப்புப் பெற்ற இனமென்றால் சிறப்பு அனுமதி வேண்டும். ஆக, ஒரே கடைக்கு இரண்டு அலுவலகங்கள், இரண்டு தாள்கள். ஆசைப்பட்டு வாங்குகிறவர்களில் பலர் தடுமாறுவது இந்த இடைவெளியில்தான்.

2010இன் வனவிலங்குக் காப்புச் சட்டம் இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பல் கொடுத்தது. பழைய சட்டத்தில் புலியைக் கொன்றவருக்கு அதிகபட்சம் 15,000 ரிங்கிட் அபராதம். புதிய சட்டத்தில் அது 100,000 ரிங்கிட்டிலிருந்து தொடங்கியது. 2012இல் விலங்ககங்களை நடத்தவும் தனி விதிகள் வந்தன: கூண்டின் அளவு முதல் விலங்கு மருத்துவர் வரை. 2022இன் திருத்தம் உச்ச அபராதத்தை 10 லட்சம் ரிங்கிட்டாகவும் சிறைத்தண்டனையை 15 ஆண்டுகளாகவும் உயர்த்தியது. தாமதம்தான். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி மலேசியக் காடுகளில் எஞ்சியிருந்த புலிகள் 150க்கும் குறைவு.

இந்தக் கதையில் தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு, பெருமைப்பட முடியாத பங்கு. தமிழகத்து வறண்ட நிலங்களிலும் வாழும் நட்சத்திர ஆமைகள், மலேசியாவுக்குப் புறப்படும் பயணிகளின் பெட்டிகளில் அடைபட்டுச் சென்னை விமான நிலையத்தில் மீண்டும் மீண்டும் பிடிபட்டிருக்கின்றன. 2019இல் அந்த ஆமை, வணிகத்துக்கான பன்னாட்டு வர்த்தகம் தடைசெய்யப்பட்ட சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பிடிபடுவது போக, கடந்துபோவதும் இருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

தெருவுக்கு மிக அருகில் இருக்கும் அரசு உள்ளூர் மன்றம்தான். கடை உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் மேசையிலேயே வனவிலங்கு உரிமத்தையும் காட்டச் சொன்னால், பாதி வேலை அங்கேயே முடியும். அதுவரை பொறுப்பு வாங்குகிறவர் பக்கம். ஜோகூரில் ஒரு கடையில் அபூர்வமான ஆமையோ பறவையோ கண்ணில் பட்டால், விலை கேட்பதற்கு முன் பெர்ஹிலித்தான் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வாங்காதீர்கள், துறைக்குத் தெரிவியுங்கள்.