கண்ணாடியில் ஒட்டாத வரிசை எண்

அமெரிக்காவில் விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்த ஆலையில் கார் பூட்டப்பட்டது, எந்த டீலருக்கு எப்படி வந்து சேர்ந்தது, அடிப்படை விலை என்ன, கூடுதல் வசதிகளுக்கு என்ன, ஏற்றுக்கூலி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் வேலை செய்யும் டெட்ராய்ட் வட்டாரத்தில் கார்த் தொழிலில் இருப்பவர்கள் அந்தத் தாளை ‘மன்ரோனி’ என்றே சொல்வார்கள். 1958இல் அதைச் சட்டமாக்கிய ஒக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனியின் பெயர் அது.

கிராக்கியான ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தாளையும் பார்க்கலாம். அது டீலர் அச்சிட்டது. ‘சந்தை நிலவரத்துக்கான கூடுதல்’ என்ற பெயரில் பல்லாயிரம் டாலர் அதில் ஏறியிருக்கும். முதல் தாள் இருக்கும்போதே இரண்டாவது தாளுக்கு எப்படி இடம் கிடைத்தது? கார் உதிரிபாகங்களுக்கு அச்சு வடிவமைப்பது என் தொழில். இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது, ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வியாபார வரலாறு விரிந்தது.

டெட்ராய்டில் வில்லியம் மெட்ஸ்கர் 1898இல் தனியாக ஒரு கார் கடை திறந்தார். அமெரிக்காவின் முதல் டீலர்களில் அவர் ஒருவர். அன்றைய கார் ஆலைகளிடம் முதல் குறைவு. ஊர் ஊராகக் கடை போட்டு விற்க அவர்களால் முடியாது. காரை ரொக்கம் கொடுத்து எடுத்துக்கொள்ளும் உள்ளூர் வியாபாரி அவர்களுக்குத் தேவைப்பட்டார். 1920-21 மந்தத்தில் ஹென்றி ஃபோர்டு இதன் மறுபக்கத்தைக் காட்டினார். டீலர்கள் கேட்காத கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பி, பணத்தைக் கட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். மறுத்தால் டீலர் உரிமை போய்விடும். பலர் உள்ளூர் வங்கியில் கடன் வாங்கிக் கட்டினார்கள். ஆலையின் நெருக்கடி அப்படியே டீலர்களின் தலையில் இறங்கியது.

இந்த அடாவடியிலிருந்து டீலர்களைக் காக்கத்தான் மாநிலச் சட்டங்கள் வந்தன. விஸ்கான்சின் 1937இல் தொடங்கி வைத்தது. இன்று ஐம்பது மாநிலங்களிலும் அப்படிப்பட்ட சட்டம் உண்டு. அவை பிறந்ததில் நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டீலரை ஆலையிடமிருந்து காத்த சட்டம், வாடிக்கையாளரை டீலரிடமிருந்து காக்கவில்லை. கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீனில் செவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கொர்வெட்டின் ஆலைக்கு அருகிலேயே கொர்வெட் அருங்காட்சியகம் இருக்கிறது. விரும்பினால் உங்கள் புதுக் காரின் சாவியை அந்த அருங்காட்சியகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டங்களால், ஆர்டர், பணம், பத்திரம் எல்லாம் ஏதோ ஓர் ஊரிலுள்ள டீலர் வழியாகத்தான் போக வேண்டும்.

தட்டுப்பாட்டைக் காசாக்கும் வித்தையை டீலர்கள் நன்றாகப் பழகிக்கொண்டது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. போர் முடிந்தபோது கையில் பணத்தோடு நாடே காத்திருந்தது. வந்த கார்களோ கொஞ்சம். விலைக் கட்டுப்பாடு இருந்ததால் கூடுதல் பணம் மேசைக்குக் கீழே கைமாறியது. ரேடியோ, ஹீட்டர், இருக்கை உறை எல்லாம் சேர்த்து எடுத்தால்தான் கார் என்றார்கள். பழைய காரை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தால்தான் பட்டியலில் பெயர் என்றார்கள். கட்டுப்பாடு போன பிறகும் தட்டுப்பாடு தீரும்வரை இதுவே நடைமுறை. இன்று கேட்காமலே தலையில் கட்டப்படும் பெயின்ட் பூச்சும் கண்ணாடிச் செதுக்கலும் அந்தப் பழைய ஹீட்டரின் வாரிசுகள்தான்.

ஐம்பதுகளில் காற்று திசை மாறியது. ஃபோர்டும் செவ்ரலேயும் போட்டி போட்டு உற்பத்தி செய்ய, 1955இல் மட்டும் ஏறக்குறைய 79 லட்சம் கார்கள் வெளிவந்தன. இப்போது கார் அதிகம், ஆள் குறைவு. அதற்கும் டீலர்கள் ஒரு வழி கண்டார்கள். விலையை முதலில் இஷ்டத்துக்கு ஏற்றிச் சொல்லிவிட்டு, பழைய காருக்கு அள்ளிக் கொடுப்பதுபோலக் காட்டினார்கள். உண்மையான விலை எதுவென்று வாங்குபவருக்குத் தெரியாது. மன்ரோனி தலைமையிலான செனட் துணைக்குழு இதை விசாரித்தது. அதன் பயனாக வந்த சட்டத்தில் 1958 ஜூலையில் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்டார். கார் வாங்குபவர் கைக்குப் போகும் முன் அந்தத் தாளை வேண்டுமென்றே கிழித்தாலோ திருத்தினாலோ ஒரு காருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை.

நல்ல சட்டம். ஆனால் தாளில் அச்சாகும் விலை ஆலை ‘பரிந்துரைக்கும்’ விலை மட்டுமே. அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. விலை வெளிச்சத்துக்கு வந்தது. யாருக்கு முதலில் கார், யாருக்குப் பிறகு என்ற வரிசை இருட்டிலேயே இருந்துவிட்டது.

அந்த இருட்டு முழுதாகத் தெரிவது ஸ்போர்ட்ஸ் கார் விற்பனையில்தான். 1953இல் முதல் கொர்வெட் வந்தபோது மொத்தமே 300 கார்கள். மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரில் கையால் பூட்டப்பட்டவை, எல்லாம் வெள்ளை. அவை முக்கியப் புள்ளிகளுக்கென்று ஒதுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு 3,640 கார்கள் செய்தபோது கணிசமானவை விற்காமல் தேங்கின. 1964 ஏப்ரல் 17இல் ஃபோர்டு மஸ்டாங் 2,368 டாலருக்கு அறிமுகமாகி, முதல் நாளிலேயே 22,000 ஆர்டர் குவித்தது. அடுத்துக் கடல் கடந்து வந்தது டாட்சன் 240இசட். 1969 அக்டோபரில் அறிவித்த விலை 3,526 டாலர். அதற்கு அமெரிக்காவில் நீண்ட காத்திருப்புப் பட்டியல்கள் உருவாக, டீலர்கள் உதிரி அலங்காரங்களை ஏற்றியே விற்றார்கள். 1989இல் மாஸ்டா மியாட்டா 13,800 டாலருக்கு வந்தபோதும் அதன்மேல் ஆயிரக்கணக்கில் ஏற்றினார்கள். எந்த நாட்டுக் கார், எந்த நிறுவனம் என்ற பேதமே இந்தப் பழக்கத்துக்கு இல்லை.

இவற்றுள் நான் மறக்கக் கூடாது என்று நினைப்பது 1978ஆம் ஆண்டின் கதை. கொர்வெட்டுக்கு அது வெள்ளிவிழா ஆண்டு. இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் முன்னோடிக் காராக (பேஸ் கார்) ஓட அந்த ஆண்டு கொர்வெட்டே தேர்வானது. அந்தக் காரின் நகலை விற்பனைக்கும் கொண்டுவரத் தீர்மானித்தார்கள். மேலே கறுப்பு, கீழே வெள்ளி, நடுவே சிவப்புக் கோடு. உள்ளே வெள்ளி நிற இருக்கைகள். பந்தய எழுத்துகள் கொண்ட ஸ்டிக்கரைத் தனியாகக் கொடுத்து, வேண்டுமானால் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். முதலில் யோசித்த எண்ணிக்கை சில நூறு. டீலருக்கு ஒன்றாவது தர வேண்டும் என்ற கணக்கில் அது 6,502 ஆனது. ஆலை விலை 13,653 டாலர் 21 சென்ட். மார்ச் மாதத்தில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் முதல் பக்கத்தில் இந்தக் காருக்கான அடிதடியை எழுதியதும், விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. காரை ஓட்டவே நினைக்காதவர்கள் வாங்கிப் பூட்டி வைத்தார்கள்.

மிசௌரி மாநிலத்தில் ஒரு தம்பதி இந்தக் கார் வரப்போகிறது என்று 1977லேயே கொர்வெட் ரசிகர்களுக்கான ஒரு பத்திரிகையில் படித்து, உள்ளூர் டீலரிடம் சொல்லி வைத்தார்கள். விலை 15,000 டாலர் அளவில் இருக்கும் என்று பேச்சு. 500 டாலர் முன்பணம் கட்டினார்கள். கார் பூட்டப்படும் முன்பே தங்களுக்கு வேண்டிய மாற்றங்களைச் சொல்ல, ஆலையும் அப்படியே செய்து அனுப்பியது. 1978 ஏப்ரலில் கார் வந்து இறங்கியது. கிராக்கி ஏறிவிட்டதால் பேசிய விலைக்குத் தர முடியாது, வேண்டுமானால் மற்றவர்களோடு சேர்ந்து ஏலம் கேளுங்கள் என்றது டீலர் தரப்பு. தம்பதி ஏலம் கேட்கவில்லை, நீதிமன்றம் போனார்கள். நஷ்டஈடு கேட்கவில்லை, அந்தக் காரையே கேட்டார்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லையே என்று டீலர் வாதிட்டார். ஒற்றைக் காருக்குக் கட்டிய முன்பணமே ஒப்பந்தத்துக்குச் சாட்சி என்றது நீதிமன்றம். அதே வசதிகளோடு அப்படியொரு காரை வேறெங்கும் எளிதில் வாங்க முடியாது, ஆகவே பணம் ஈடாகாது, காரையே கொடு என்று தீர்ப்பானது. 1981இல் மிசௌரி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் ஒப்பந்தச் சட்டம் படிப்பவர்களுக்கு இன்றும் பாடமாக இருக்கும் வழக்கு இது.

பூட்டி வைத்தவர்கள் எதிர்பார்த்த லாபமும் வரவில்லை. ஆயிரக்கணக்கானோர் பத்திரப்படுத்திய கார் எப்படி அரிதாகும்? 1990இல் கொர்வெட் இசட்ஆர்-1 வந்தபோதும் அதே கதை. 58,995 டாலர் காருக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தவர்கள் உண்டு. முதல் ஆண்டில் 3,049 கார்கள் விற்ற அந்த மாடல், கடைசி மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 448 என்று சுருங்கியது.

இன்றைய ஆர்டர் முறைக்கு வருவோம். கொர்வெட்டையே எடுத்துக்கொண்டால், ஆர்டரின் நிலையைக் குறிக்க எண்கள் உண்டு. 1100 என்றால் டீலரின் கணினியில் பதிந்திருக்கிறது, அவ்வளவுதான். 2000 என்றால் ஆலை ஏற்றுக்கொண்டது. 3000 என்றால் உற்பத்திப் பிரிவு ஏற்றது. 3800 என்றால் கார் தயார். 1100க்கும் 2000க்கும் நடுவில்தான் எல்லாச் சிக்கலும். டீலருக்கு ஆலை கொடுக்கும் ஒதுக்கீடு இருந்தால்தான் ஆர்டர் அந்தக் கோட்டைத் தாண்டும். முன்பு எத்தனை விற்றார் என்பதைப் பொறுத்தே ஒதுக்கீடு வரும். பெரிய டீலருக்கு நிறைய, சின்ன ஊர் டீலருக்கு ஒன்றோ இரண்டோ. ஒதுக்கீடே இல்லாத டீலரும் முன்பணம் வாங்கலாம். எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம்.

எனக்கு நடந்ததும் இந்த இடைவெளியில்தான். டெட்ராய்ட் புறநகரில் ஒரு டீலரிடம் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு ஆயிரம் டாலர் கட்டினேன். ரசீதில் என் பெயரும் தொகையும் இருந்தன. காரின் விலை இல்லை, வரிசை எண் இல்லை. கேட்டபோது, “முதல் ஐந்து பேருக்குள் இருக்கிறீர்கள்” என்றார் விற்பனையாளர். எழுதித் தரச் சொன்னேன். அப்படி வழக்கமில்லை என்றார். சில மாதங்கள் கழித்துப் போனபோது நான் கேட்ட அதே மாடல் ஷோரூம் நடுவில் நின்றது, இரண்டாவது தாளோடு. இது யாருடைய ஒதுக்கீட்டில் வந்தது என்று கேட்டேன். “இது காட்சிக்கு வந்த கார், வாடிக்கையாளர் ஒதுக்கீட்டில் சேராது” என்றார். கூடவே, தாளில் உள்ள விலைக்கு இன்றே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். முன்பணத்தை மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை, அடுத்த ஆள் காத்திருந்தார். எனக்குக் கோபம் விலையின் மீது அல்ல. ஐந்து பேர் என்று சொன்ன அந்தப் பட்டியல் உண்மையில் இருந்ததா என்று சரிபார்க்க எனக்கு ஒரு வழியும் இல்லை என்பதன் மீதுதான்.

ஆலைகள் சும்மா இருக்கவில்லை. ஆனால் அவர்கள் கை எட்டியது வாடிக்கையாளரைத்தான். 2016இல் ஃபோர்டு தன் ஜிடி காரை விண்ணப்பம் வாங்கி, ஆள் பார்த்து விற்றது. இரண்டு ஆண்டுக்குள் விற்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறியதாக மல்யுத்த வீரர் ஜான் சீனா மீதே வழக்குப் போட்டது. 2022இல் செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், புதிய கொர்வெட் இசட்06ஐ ஓராண்டு விற்காமல் வைத்திருப்பவருக்கு 5 லட்சம் வெகுமதிப் புள்ளிகள் அறிவித்தது. அதற்குள் விற்றால் சில வாரன்டிகள் அடுத்தவருக்கு மாறா என்றது. அதே ஆண்டு ஜனவரியில் அதன் வட அமெரிக்கத் தலைவர் ஸ்டீவ் கார்லைல் டீலர்களுக்கு எழுதிய கடிதத்தில், முறைகேடாகக் கூடுதல் பணம் கேட்பவர்களின் ஒதுக்கீடு வேறிடம் போகும் என்று எச்சரித்தார். எச்சரிக்கைக்கு மேல் அதிகம் போவது கடினம். டீலர் தனி வியாபாரி, மாநிலச் சட்டம் அவருக்குக் காவல். மத்திய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் டீலர்களின் விலை மறைப்புக்கும் பயனற்ற கூடுதல்களுக்கும் எதிராகக் கொண்டுவந்த விதியை, நடைமுறைக் குறையைக் காட்டி 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது.

கிராக்கி உள்ள பொருளுக்கு விலை ஏறுவது இயல்பு என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். அதோடு எனக்குச் சண்டையில்லை. கூட்டிய விலையை முதல் நாளே சொல்லும் டீலர் நேர்மையானவர்தான். வேண்டாம் என்று நான் போய்விடலாம். ஆலை விலைக்கே, பதிந்த வரிசைப்படியே, பட்டியலை வாடிக்கையாளருக்குக் காட்டி விற்கும் டீலர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். முறை சாத்தியம் என்பதற்கு அவர்களே சான்று. தவறு, விலையைச் சொல்லாமல் முன்பணம் வாங்குவதில் இருக்கிறது. வரிசையைக் காட்டாமல் ஒருவரைக் காக்க வைப்பதில் இருக்கிறது.

1958இல் விலைக்குச் செய்ததை இன்று வரிசைக்கும் செய்ய வேண்டும். முன்பணம் வாங்கும் டீலர், ஒப்புக்கொண்ட விலை, வாடிக்கையாளரின் வரிசை எண், தன் கையிலுள்ள ஒதுக்கீடு ஆகிய மூன்றையும் எழுத்தில் தர வேண்டும் என்று சட்டம் வந்தால் இந்த வியாபாரம் பாதி சுத்தமாகிவிடும். அதுவரை, இந்த நாட்டில் ஆசைப்பட்ட காருக்குப் பணம் கட்டப்போகும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள்.