பாலாற்றங்கரையிலிருந்து நாடாளுமன்றம் வரை

தங்கவயலுக்குக் குடிநீர் அனுப்பிய ஊர் என்றே பேத்தமங்களாவைப் பலரும் அறிவர். மக்கள் மன்றங்கள் வளர்ந்த வரலாற்றிலும் இந்த வட்டாரத்துக்கு இடம் உண்டு. இளைய தலைமுறைக்காக அதை இம்மலரில் பதிவு செய்வது நம் கடமை.

நம் வட்டாரம் அன்று மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1881 அக்டோபரில் மைசூரில் பிரஜாப் பிரதிநிதி சபை முதன்முறையாகக் கூடியது. அமைத்தவர் திவான் ரங்காச்சார்லு. செங்கல்பட்டுச் சீமையின் செட்டிபுண்ணியத்தில் பிறந்தவர். விவசாயிகளும் வணிகர்களுமாக 144 பேர் வந்தனர். திவான் நிர்வாக அறிக்கையைப் படித்தார். பிரதிநிதிகள் தத்தம் ஊர்க் குறைகளைச் சொன்னார்கள். சட்டம் இயற்றும் அதிகாரம் அந்தச் சபைக்கு அன்று இல்லை. ஆனாலும் ஆள்பவர் கணக்குச் சொல்ல வேண்டும், குடிமக்கள் கேள்வி கேட்கலாம் என்ற வழக்கம் அங்கே வேரூன்றியது.

பொறுப்பாட்சி கேட்டு 1947இல் மைசூர் சமஸ்தானம் கொந்தளித்தது. போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் நம் பக்கத்துக் கியாசம்பள்ளியின் கே. செங்கலராய ரெட்டி. அந்த ஆண்டு அக்டோபரிலேயே அவர் மைசூரின் முதல் முதலமைச்சரானார். 1952இல் மாநிலங்களவைக்குச் சென்றார்; 1957இல் கோலார் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். இரு அவைகளிலும் அமர்ந்து, மத்திய அமைச்சராகவும் இருந்தவர் நம் மண்ணின் மைந்தர் என்பது நமக்குப் பெருமை.

இரு அவைகளுக்கும் தனித்தனிப் பணி உண்டு. மக்களவை மக்களின் நேரடி வாக்கில் பிறப்பது. அரசைக் காப்பதும் கவிழ்ப்பதும் அதன் கையில். மாநிலங்களவை கலைக்கப்படுவதில்லை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர். பண மசோதாவை அது 14 நாளுக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது.

இந்த ஏற்பாடெல்லாம் தங்கவயல் தொழிலாளிக்கு எதற்கு? 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் மத்திய அரசிடம் போயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பிறந்தது. அதன்பின் சுரங்கத்தைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டியவர் டெல்லியில் இருக்கும் அமைச்சர். உறுப்பினர் 15 நாள் முன்னதாக எழுதிக் கொடுத்தால் கேள்வி நேரத்தில் அவரைக் கேட்கலாம். நாளொன்றுக்கு 20 கேள்விகள் குலுக்கலில் வாய்மொழிப் பதிலுக்குத் தேர்வாகும். அவற்றுக்குத் துணைக் கேள்வியும் உண்டு. அமைச்சர் சொன்ன பதில் அவைக் குறிப்பில் நிலைத்துவிடும்.

அவையில் நேரம் குறைவு. ஆழ்ந்த வேலை குழுக்களில்தான் நடக்கிறது. அரசு நிறுவனங்களை ஆராயும் பொதுத்துறை நிறுவனங்கள் குழு 1964இல் அமைந்தது. இன்று அதில் மக்களவையினர் 15 பேர், மாநிலங்களவையினர் 7 பேர். அமைச்சர் எவரும் உறுப்பினராக முடியாது. அதிகாரிகளை வரவழைத்துக் கணக்கைப் புரட்டிக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு. 1993 முதல் துறைவாரியான நிலைக்குழுக்களும் இயங்குகின்றன.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. கேள்விகளும் குழுக்களும் இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை என்ற வேதனை நியாயமானது. அதற்காக வாசலை நாமே சாத்திக்கொள்ளக் கூடாது.

மக்களவைக்குக் குடிமகன் எவரும் மனு எழுதலாம். அவையை விளித்து, கண்ணியமான சொற்களில், பெயரும் முகவரியும் கையெழுத்தும் இட்டு, உறுப்பினர் ஒருவரின் மேலொப்பம் பெற்றால் அது மனுக்கள் குழுவுக்குப் போகும். தமிழிலோ கன்னடத்திலோ எழுதினால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பில் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். நீதிமன்றத்துக்கோ மாநிலச் சட்டமன்றத்துக்கோ உரிய விஷயம் அங்கே செல்லாது. ஆகவே ஏரி தூர்வார விதான சௌதாவை நாட வேண்டும். மத்திய நிறுவனத்தின் பாக்கிக்கும் நிலத்துக்கும் டெல்லியை நாட வேண்டும்.

பேத்தமங்களா என்ற சட்டமன்றத் தொகுதி 2008 மறுசீரமைப்பில் மறைந்து, ஊர் தங்கவயல் தொகுதியில் சேர்ந்தது. தொகுதியின் பெயர் போனாலும் கேட்கும் உரிமை போகவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மனு எழுதக் கற்றுக்கொடுப்போம். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் எந்தக் குழுவில் இருந்தீர்கள், என்ன கேள்வி கேட்டீர்கள் என்று விசாரிப்போம்.