ஆற்றுக்குக் காவல் யார்?

செலாயாங்கில் ஓடும் பத்து ஆற்றைக் காப்பது யார் பொறுப்பு என்று கேட்டால், 'அரசாங்கம்' என்று உடனே சொல்லிவிடுவோம். சபாவின் கடசான்டூசுன் மக்கள் அப்படிச் சொல்லவில்லை.

அவர்களிடம் 'தாகால்' என்றொரு வழக்கம் உண்டு. 'தடை' என்பது அதன் பொருள். ஆற்றின் ஒரு பகுதியில் ஊர் குறித்த காலம்வரை யாரும் மீன் பிடிக்கக்கூடாது. மீறினால் 'சோகிட்' எனும் அபராதம். தடை நீங்கும் நாளில் ஊரே கூடிப் பிடித்துப் பங்கிட்டுக்கொள்ளும்.

காலப்போக்கில் நஞ்சும் மின்சாரமும் வைத்து மீன் பிடிப்பது பெருகியது. ஆறுகள் பல, அதிகாரிகளோ சிலர். மீன்வளத் துறை கிராமத்தாரையே துணைக்கு அழைத்தது. சபாவின் 2003ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டம் தாகாலுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்தது. சிவப்புப் பகுதியில் எப்போதும் தடை. மஞ்சள் பகுதியில் குறித்த காலத்தில் மட்டும் அனுமதி. பெனாம்பாங்கின் பாபாகோன் போன்ற ஆறுகளில் 'பெலியான்' மீன் மீண்டும் பெருகியது.

நம் மூதாதையரும் தமிழகத்தில் குடிமராமத்து என ஏரி, கால்வாய்களை ஊர்கூடிச் செப்பனிட்டவர்களே. ஆங்கிலேயர் ஆட்சியில் நீர்நிலைகள் அரசின் கைக்குப் போக, அந்தப் பழக்கம் நலிந்தது.

சபாவில் அரசு மக்களின் அறிவை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. காக்கும் உரிமையையும் அவர்களிடமே விட்டது. பூர்வக்குடிகளிடம் ஆலோசனை கேட்டுவிட்டு, முடிவை அலுவலகத்தில் எடுத்தால் ஆறு பிழைக்குமா? சிந்திப்போம் நேயர்களே!