பூனை வந்தது, நிறம் வரல

என் பூனை செத்தப்போ நானும் குளோனிங் பத்தித் தேடினேன். முதல் குளோன் பூனை 'சிசி', 2001 டிசம்பர்ல டெக்சாஸ்ல பிறந்தது. டிஎன்ஏ தந்த ரெயின்போ மூவண்ணப் பூனை. சிசி உடம்புல ஆரஞ்சே கிடையாது!

காரணத்தை 1961-லேயே சொன்னவர் மேரி லயன், பிரிட்டனில் சுண்டெலிகளை ஆராய்ந்தவர். பெண் பாலூட்டிகளுக்கு செல்லுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். கருவிலேயே ஒவ்வொரு செல்லும் அதில் ஒன்றைச் சுருட்டி மடக்கிப் பூட்டிவிடும். எதை என்பது குருட்டாம்போக்கு. (அந்தச் சுருணையை 1949-லேயே மரி பாரும் பெர்ட்ராமும் பூனை நரம்பு செல்லில் பார்த்துட்டாங்க, எதுக்குன்னுதான் புரியல.) ஆரஞ்சு மரபணு இருப்பதும் எக்ஸில்தான். சிசிக்காக எடுத்த செல்லில் ஆரஞ்சு எக்ஸ் பூட்டிக் கிடந்தது. குளோன் செய்தும் அது திறக்கலைங்கிறதுதான் விளக்கம்.

தேடுறதை அன்னைக்கே விட்டுட்டேன். என்னுதும் மூவண்ணம்தான்.