வேகம் இருந்தும் திணறும் இணையம்: ஒரு வரிசையின் கதை

வீட்டில் இணையம் மெதுவாகிவிட்டால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். ரவுட்டரை அணைத்துவிட்டு, பத்து வரை எண்ணிவிட்டு, மறுபடி போடுவார்கள். சரியாகவில்லை என்றால் வயரைப் பிடுங்கிச் செருகுவார்கள். அப்புறம் இணைப்பு கொடுத்த நிறுவனத்தைத் திட்டுவார்கள். கடைசியில் கூடுதல் காசு கட்டி அதிக வேகத் திட்டத்துக்கு மாறுவார்கள். அதற்குப் பிறகும், ஒருவர் பெரிய ஃபைல் ஒன்றை அப்லோட் செய்ய ஆரம்பித்தால் பக்கத்து அறையில் இருப்பவரின் வீடியோ அழைப்பு விக்கித்து நிற்கும். வேகச் சோதனை செய்தாலோ எண் சரியாகவே காட்டும்!

இந்தப் புதிருக்கு 2010-ல் அமெரிக்காவில் ஒரு வீட்டில் விடை கிடைத்தது. ஆனால் கதை அதற்கு 25 ஆண்டுகள் முன்பே ஆரம்பித்துவிட்டது.

முதல் எச்சரிக்கை

இணையத்தில் எந்தத் தகவலும் பாக்கெட் எனப்படும் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகிறது. வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு டிக்கெட் கவுண்டர் மாதிரி. வேகமாக வந்து சேரும் பாக்கெட்டுகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாக அனுப்புகிறது. வரிசை நிற்க இடம் தரும் நினைவகத்துக்குப் பெயர் பஃபர். பஃபர் நிரம்பிவிட்டால், அடுத்து வரும் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும்.

அப்படியானால் பஃபரைப் பெரிதாக்கிவிட்டால் எதையும் எறிய வேண்டாமே என்று தோன்றும். ஜான் நேகிள் என்ற பொறியாளர் 1985-ல் எழுதிய ஆர்எஃப்சி 970 என்ற ஆவணத்தில் இதைத்தான் ஆராய்ந்தார். ரவுட்டருக்கு எல்லையே இல்லாத நினைவகம் கொடுத்தாலும் நெரிசல் தீராது, வரிசையில் காத்திருந்தே பாக்கெட்டுகள் காலாவதியாகிவிடும் என்று காட்டினார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

அடுத்த ஆண்டே அடி விழுந்தது. 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே இருந்த இணைப்பின் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே தூரம் 400 கஜம்தான். நடந்துபோய்க் கொடுத்திருந்தால் சீக்கிரம் சேர்ந்திருக்கும்!

அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்த வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து காரணத்தைத் தேடினார். 1988-ல் வெளியான அவர்களின் கட்டுரை சொன்ன தீர்வு எளிமையானது. அனுப்பும் கணினி முதலில் மெதுவாக ஆரம்பிக்க வேண்டும், படிப்படியாக வேகத்தைக் கூட்ட வேண்டும், ஒரு பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று புரிந்துகொண்டு உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். இந்த ஏற்பாடு டிசிபி நெறிமுறைக்குள் சேர்க்கப்பட்டது. இன்றைக்கும் இணையம் படுத்துவிடாமல் ஓடுவதற்கு இதன் வழிவந்த முறைகளே காரணம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொலைந்த பாக்கெட் என்பது இந்த முறையில் நஷ்டம் அல்ல, செய்தி. அந்தச் செய்தி நேரத்துக்கு வந்தால்தான் எல்லாம் சரியாக நடக்கும்.

நினைவகம் மலிவானது

அடுத்த இருபது ஆண்டுகளில் நினைவகத்தின் விலை சரிந்துகொண்டே போனது. மோடம், ரவுட்டர், நெட்வொர்க் கார்டு, டிரைவர் என எல்லா இடத்திலும் பஃபர் பெருத்தது. பாக்கெட்டை எறிவது கெட்ட காரியம் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். மோடத்தில் 256 கிலோபைட் பஃபர் இருக்கிறது, அப்லோட் வேகம் விநாடிக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். பஃபர் நிரம்பினால் அது காலியாக இரண்டு விநாடிக்கும் மேலாகும். கடைசியில் வந்து நிற்கும் பாக்கெட் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். பஃபர் நிரம்பி வழியும் வரை ஒரு பாக்கெட்டும் தொலையாது என்பதால், அனுப்பும் கணினிக்கு நெரிசல் தெரிவதே இல்லை. அது இன்னும் வேகமாக அனுப்பிக்கொண்டே இருக்கும்.

மருந்து இல்லாமல் இல்லை. சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் 1993-லேயே ரெட் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை முழுதாக நிரம்பும் முன்பே சில பாக்கெட்டுகளை எறிந்து எச்சரிப்பது அதன் வேலை. ஆனால் ஒவ்வொரு இணைப்புக்கும் ஏற்றபடி அதன் அளவுகளைச் சரிசெய்வது கடினம். அதனால் பலர் அதை இயக்கவே இல்லை.

நோய் வெளியே தெரியாமல் இருந்ததற்கு இன்னொரு காரணம் விண்டோஸ் எக்ஸ்பி. அது சாதாரணமாக ஓர் இணைப்பில் ஒரே சமயத்தில் 64 கிலோபைட்டுக்கு மேல் வழியில் விடாது. பிறகு வந்த இயங்குதளங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எக்ஸ்பி ஒதுங்க ஒதுங்க, ஒரே கணினி ஒரே இணைப்பில் பஃபரை நிரப்பிவிட முடிந்தது.

ஒரு வீட்டில் நடந்த துப்பறிதல்

ஜிம் கெட்டிஸ் சாதாரணப் பயனர் அல்ல. எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர், எச்டிடிபி 1.1 ஆவணத்தின் ஆசிரியர்களில் ஒருவர். 2010-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அவர் வீட்டிலும் இணையம் திணறியது.

பெரிய ஃபைல் ஒன்றை வெளியே அனுப்பும்போது பிங் போட்டுப் பார்த்தார். சட்டென்று வரவேண்டிய பதிலுக்கு ஒரு விநாடிக்கும் மேல் ஆனது. முதலில் கேபிள் மோடத்தின் பஃபர் மாட்டியது. ரவுட்டரில் வேகத்தைச் சற்றுக் கட்டுப்படுத்தியதும் சரியாயிற்று. ஆனால் வைஃபை சிக்னல் குறைவான இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் தாமதம் திரும்ப வந்தது. இந்த முறை குற்றவாளி ரவுட்டரும் அவருடைய சொந்த லேப்டாப்பும்! லினக்ஸில் அப்போது 1000 பாக்கெட் வரிசை என்பது வழக்கமான அமைப்பாக இருந்தது.

தன் பதிவுகளை ஜேக்கப்சன், விண்ட் செர்ஃப் போன்றவர்களிடம் காட்டி உறுதி செய்துகொண்டார். பெர்க்லியில் இருந்த நெட்டலைசர் என்ற சோதனைக் கருவியின் தரவுகளும், உலகெங்கும் வீட்டு இணைப்புகளில் இதே நோய் இருப்பதைக் காட்டின. கெட்டிஸ் அதற்கு பஃபர்ப்ளோட், அதாவது பஃபர் வீக்கம், என்று பெயர் வைத்தார்.

மருந்து

2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். இது வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்காமலேயே 100 மில்லி விநாடி கழிந்தால், எறிய ஆரம்பிக்கும். அளவுகளைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டிய தொல்லை பெருமளவு நீங்கியது. அதே ஆண்டு எரிக் டுமாசே இதோடு நியாயமான பங்கீட்டையும் சேர்த்து எஃப்க்யூ-கோடெல் என்ற வடிவத்தை லினக்ஸ் 3.5-ல் கொண்டுவந்தார். இதில் பெரிய அப்லோடுக்குப் பின்னால் சிறிய அழைப்பு நிற்க வேண்டியதில்லை.

ஆனால் குறிப்பு எழுதினால் மட்டும் நோய் தீராது, மருந்து வீடு வந்து சேர வேண்டும். அதற்காக அலைந்தவர் டேவ் டாட். கெட்டிஸோடு பஃபர்ப்ளோட் திட்டத்தை ஆரம்பித்து, தன்னார்வலர்களைச் சேர்த்து, சாதாரண வீட்டு ரவுட்டரில் ஓடும் செரோரைட் என்ற மென்பொருளில் எல்லாவற்றையும் சோதித்தார். அங்கே தேறியவை ஓப்பன்ரைட்டுக்கும் லினக்ஸுக்கும் போய்ச் சேர்ந்தன. 2018-ல் எஃப்க்யூ-கோடெல் ஆர்எஃப்சி 8290 ஆக வெளியானது. அதே ஆண்டு கேக் என்ற அடுத்த வடிவம் லினக்ஸ் 4.19-ல் சேர்ந்தது. இவை எல்லாம் இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். டாட் 2025 ஏப்ரலில் காலமானார்.

இன்னமும் பழைய ரவுட்டர்கள் ஏராளமான வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு பக்கம் பிங் ஓடட்டும், மறுபக்கம் பெரிய ஃபைல் ஒன்றை அப்லோட் செய்ய வேண்டும். பிங் நேரம் 20-லிருந்து 800 மில்லி விநாடிக்குத் தாவினால், வரிசைதான் வீங்கியிருக்கிறது. ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் அதை இயக்கி, வேகத்தை உண்மையான வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு வைத்தால் போதும். வரிசை மோடத்தில் சேராமல், கோடெல் இருக்கும் ரவுட்டரிலேயே நிற்கும்.

பத்து சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்தால் வீட்டில் எல்லோருக்கும் இணையம் கிடைக்கும். நேகிள் 1985-ல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: காத்திருக்க இடம் கூடினால் கூட்டம் குறைந்துவிடாது.