முன்னங்காலில் ஒரு நாக்கு

கறிவேப்பிலை வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். கறுப்பும் வெளிர்மஞ்சளுமான வண்ணத்துப்பூச்சி ஒன்று இலைக்கு இலை தாவும், தொடும், விலகும், திரும்பி வரும். கடைசியில் ஒரு தளிரில் வயிற்றை வளைத்து ஒற்றை முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். பக்கத்துச் செம்பருத்தியில் முட்டையிடாது. ஏன் என்று கேட்டால் நெடுங்காலமாகக் கிடைத்த பதில், தாயின் உள்ளுணர்வு. பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று பார்த்துப் பார்த்துச் சமைப்பவளைப் பற்றியும் 'அதெல்லாம் அம்மாவுக்குத் தானா வரும்' என்றுதானே சொல்கிறோம். தானாக வருவதை யாரும் உட்கார்ந்து ஆராய்வதில்லை.

ஆராய்ந்தவர்களில் முன்னோடி, 1647இல் பிராங்பர்ட்டில் பிறந்த மரியா சிபில்லா மெரியன். கனவான்கள் உலர்ந்த பூச்சிகளை ஊசியில் குத்தி அலமாரியில் அடுக்கிய காலத்தில், அவர் புழுக்களை வளர்த்து, அவை தின்னும் செடியோடு சேர்த்தே வரைந்தார். முதல் புழுப் புத்தகம் 1679இல் வந்தது. எந்தப் புழுவுக்கு எந்தச் செடி என்ற கேள்வி அந்தப் பக்கங்களில் கண்ணெதிரே இருந்தது. 1699இல், 52 வயதில், இளைய மகளோடு டச்சுக் காலனியான சூரினாமுக்குக் கப்பலேறினார். அங்கிருந்து கொண்டுவந்தவை 1705இல் 60 ஓவியங்களுடன் நூலாயின. அதில் மயில்கொன்றைக்கு எழுதிய குறிப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாதென்று அடிமைப் பெண்கள் அதன் விதையால் கருவைக் கலைக்கிறார்கள்; அவர்களே என்னிடம் சொன்னார்கள் என்கிறார். ஒரு செடியின் ரசாயனம் உடலுக்குள் என்ன செய்யும் என்று அந்தப் பெண்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. மெரியனின் பெயர் நூலின் முகப்பில் இருக்கிறது. அவர்களுடைய பெயர்கள் அதில் எங்குமில்லை. அவருக்காகக் காட்டில் வழி வெட்டியவர்களும் அடிமைகள்தாம்.

செடியின் ரசாயனமும் பூச்சியும் சோதனையில் சந்திக்க 1910 ஆனது. முட்டைக்கோசுத் தோட்டங்களைச் சுற்றும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள், வழக்கமாகத் தொடாத இலையில்கூடக் கடுகின் காரத்துக்கு மூலமான சினிகிரினைத் தடவினால் தின்கின்றன என்று டச்சுத் தாவரவியலாளர் வெர்ஷாஃபெல்ட் காட்டினார். அருமையான சோதனை. ஆனால் அது பிள்ளையின் பசியைப் பற்றியது. தாய் எப்படித் தேர்கிறாள்?

அங்கேதான் டோரா இல்ஸே வருகிறார். முட்டையிட வரும் வெள்ளைப் பெண்பூச்சி பச்சைப் பரப்பில் இறங்கியதும் முன்னங்கால்களால் படபடவென்று மேளம் தட்டுவதை 1937இல் பதிவுசெய்தார். அந்தக் கால்களில் ருசியறியும் நுண்மயிர்கள் உண்டு. நிறம் பூச்சியை இலைவரை அழைத்துவரும். முட்டையிடுவதா என்று முடிவாவது ருசியில்தான். பின்னாளில் வெறும் அட்டையில் கடுகுக் குடும்பத்துப் பொருள்களைத் தடவி முட்டையிட வைத்தார்கள். அவற்றில் குளுக்கோபிராசிசின் மிக வலுவானது என்று 1990களின் தொடக்கத்தில் தெரிந்தது. இல்ஸே பிறகு புனேவுக்கு வந்து, நம் கறிவேப்பிலைக்கு வரும் அதே எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் நிற உணர்வை ஆராய்ந்தார். அதன் ஜப்பானிய உறவுக்காரப் பூச்சிக்கு ஒரு பொருள் போதாது, பல பொருள்கள் கலந்திருந்தால்தான் முட்டையிடும் என்று அந்நாட்டு வேதியியலாளர்கள் கண்டார்கள். செம்பருத்தியிடம் அந்தக் கலவை இல்லை.

மிரியம் ரோத்ஸ்சைல்டின் கேள்வி இன்னும் நுட்பமானது. பணக்காரக் குடும்பம், ஆனாலும் தம்பிக்குக் கிடைத்த பள்ளிப்படிப்பு அவருக்கில்லை. (செல்வம் இல்லாதிருந்தால் அவரும் பெயரில்லாதவராகவே போயிருப்பார்.) ஏற்கெனவே முட்டைகள் உள்ள இலையைப் பெண்பூச்சி மதிப்பிட்டுத் தவிர்க்கிறது என்று 1977இல் ஸ்கூன்ஹோவனுடன் எழுதினார். முட்டைகளில் அந்த விலக்கும் பொருள்களைத் தேடிப் பிரித்தெடுத்தவர்கள் 1994இல் அவற்றுக்கு 'மிரியமைடு' என்று பெயரிட்டார்கள். முட்டை ஏறிய இலையே தன் ரசாயனத்தை மாற்றிக்கொண்டு அடுத்த பூச்சியைத் தடுக்கிறது என்பதும் அதே காலத்தில் வெளிவந்தது.

பூச்சியைப் பெண்ணியவாதி ஆக்கும் ஆசை எனக்கில்லை. அதன் தேர்வும் பிறவியில் வந்ததுதான். ஆனால் 'உள்ளுணர்வு' என்று மூடிவைத்த பெட்டிக்குள் தட்டிப்பார்த்தல், ருசித்தல், எண்ணிக்கை பார்த்தல், மறுத்தல் என்று இத்தனை வேலைகள் இருந்தன.

அந்த வேலை பிசகுவதும் உண்டு. 1970களில் கொலராடோ மலைகளில் ஃபிரான்சஸ் சியூ கண்டது இது. ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய ஒரு கடுகுக் குடும்பக் களையில் அங்குள்ள வெள்ளைப் பூச்சிகள் முட்டையிடுகின்றன. பொரிக்கும் புழுக்கள் பிழைப்பதில்லை. தாயின் கால்கள் பொய் சொல்லவில்லை. அவை தேடிய காரம் அந்த இலையில் இருக்கத்தான் செய்கிறது. குடியேறிகளின் வழியே வந்த அந்தச் செடி மட்டும் அந்த மலைக்குப் புதிது.